பிரேக்குக்கு ஒரு சொட்டு

மாமியார் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார். "எங்க மாப்பிள்ளை கை வெச்சா செத்த இஞ்சினே எழுந்து ஓடும், இந்தப் பாட்டுப் பெட்டி எம்மாத்திரம்?" பைக் மெக்கானிக்கான மாப்பிள்ளைக்குக் கேட்கக் கேட்க உச்சி குளிர்ந்தது. வசமாக மாட்டிக்கொண்டோம் என்பது பிறகுதான் உறைத்தது.

மாட்டிவிட்டவர் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். சாவி கொடுத்தால் பாடும் அந்தப் பழைய கிராமபோன், சில மாதங்களாகப் பாதிப் பாட்டில் நின்றுபோய்க்கொண்டிருந்தது. "ஞாயித்துக்கிழமை வரேன். ஒரு பாட்டு முழுசா பாடுச்சுன்னா நான் அதைத் தொடமாட்டேன். இல்லன்னா உள்ள இருக்கற இரும்பை உருவிட்டு புளூடூத் ஸ்பீக்கர் வெச்சுத் தரேன்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், அதுதான் கொடுமை.

மாமியார் முகம் சுண்டிப்போயிற்று. மாமனார் போன பிறகு அந்தப் பெட்டியின் பாட்டுதான் சாயங்காலங்களில் அவருக்குப் பேச்சுத் துணை. அன்றிலிருந்து சாவி கொடுக்கும் கைப்பிடியைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுத்தார். பெற்ற பிள்ளையிடமிருந்தே ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறதே என்று புலம்பலும் நடந்தது.

மாப்பிள்ளையைச் சும்மா சொல்லக் கூடாது, மனிதர் உழைத்தார். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரே அலங்கோலம். மாமனார் எப்போதோ ஊற்றிய சமையல் எண்ணெய் கோந்தாக இறுகிக் கிடந்தது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போல, அதன்மேல் மச்சான் துரு எடுக்கும் ஸ்பிரேயை வேறு அடித்திருந்தார். மாப்பிள்ளை எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவினார். சுருள்வில்லுக்கு கிராஃபைட் கிரீஸ். கண்ட கிரீஸையும் வைத்தால் நாளாக ஆக அது காய்ந்துபோய், வில் சீராக விரியாமல் தட் தட்டென்று குதிக்கும். பல்சக்கரங்களுக்கு லேசாகப் பூசினாற்போல் சாதா கிரீஸ். மெல்லிய அச்சுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய், அதுவும் ஊசிமுனையில் தொட்டு. எதற்கு எது என்று விசாரித்து விசாரித்து வாங்கினார். தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கொண்டார்.

ஞாயிறு காலை கடைசித் திருகாணியை முடுக்கும்போது மச்சான் டிரில்லும் கையுமாக வந்து நின்றார். மாமியார் கைப்பிடியை எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளை சாவி கொடுத்து ஊசியை வைத்தார். பாட்டு எழும்பியது. கூடவே பெட்டிக்குள்ளிருந்து "கீச்ச்ச்" என்று காதைக் கிழிக்கும் ஒரு சத்தம். பாடகரின் குரல் குடித்தவன் நடை மாதிரி ஏறி இறங்கியது.

"பாடுதா, அழுவுதா?" என்றார் மச்சான்.

அச்சுகளுக்கு இன்னும் எண்ணெய் தொட்டுவைத்தார் மாப்பிள்ளை. சத்தம் அசையவில்லை. மாமியார் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அதுதான் மாப்பிள்ளையை அதிகம் வதைத்தது. இத்தனை பெருமை பேசியவரைத் தலைகுனிய வைத்துவிட்டோமே!

"ஏங்க, நம்ம கடையில கேக்கற சத்தம்தானே இது? பிரேக் காஞ்சுபோன வண்டி கத்துமே, அதே மாதிரி" என்றாள் மனைவி.

மாப்பிள்ளைக்குப் பொறி தட்டியது. வேகம் மிஞ்சாமல் அடக்க, சுழலும் வட்டின்மேல் ஒரு சின்னத் தோல் துண்டு உரசிக்கொண்டிருக்கும். அதுவும் ஒரு பிரேக்தான். முதலில் கழற்றியபோது அது எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. 'பாவம் மாமா, பிரேக்ல போயா எண்ணெய் விடுவாரு' என்று சிரித்துக்கொண்டே பெட்ரோலில் கழுவி வெள்ளை வெளேரென்று ஆக்கி மாட்டியவர் இவரேதான்! பைக் பிரேக் வண்டியை நிறுத்தப் பிடிப்பது. இது நிறுத்துவதற்கில்லை. பாட்டு முடியும்வரை உரசிக்கொண்டே ஓடவிட வேண்டியது. காய்ந்த தோல் கத்தாமல் என்ன செய்யும்?

எண்ணெயை எடுத்தார். பிரேக்கில் எண்ணெய் விட அந்தக் கை வரவே மாட்டேன் என்றது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொட்டு விட்டார்.

கீச்சொலி அப்படியே அடங்கியது. குரல் நிமிர்ந்தது. பாட்டு பல்லவியைத் தாண்டி, சரணத்தைத் தாண்டி, ஊசி கடைசிக் கோட்டைத் தொடும்வரை நிற்காமல் ஓடியது.

"அப்பாடா!" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார் மாப்பிள்ளை. "மாமா சரியாத்தான் விட்டிருக்காரு அத்தை. நான்தான் கெடுத்தேன்."

மாமியாருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அவரு செஞ்ச ஒரே உருப்படியான ரிப்பேரு, அதையும் கழுவிட்டீங்களே மாப்பிள்ளை!" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மகன் பக்கம் திரும்பினார். "கொண்டுவந்த டிரில் வீணாப் போக வேணாம். என் ரூம்ல கண்ணாடி மாட்ட ஒரு ஓட்டை போட்டுக் குடு."

மச்சான் போய் ஓட்டை போட்டார். போட்டுவிட்டு வந்து, "இன்னொரு தடவை வைங்க மாப்பிள்ளை, கேக்கலாம்" என்றார்.

அன்று ராத்திரி மாமியார் தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டு படுத்தார். கைப்பிடி பெட்டியிலேயே இருந்தது.