பலியும் படுகொலையும்

உழவர்கரையில் எங்கள் சுமை தூக்குவோர் சங்கத்துக்கு ஒரு கரும்பலகை உண்டு. லாரி வரும்வரை அதில் எழுதியிருக்கும் செய்தியைப் படித்துப் பேசிக்கொண்டிருப்போம். எழுதுகிறவன் வெற்றிச்செல்வன். முத்து முத்தான கையெழுத்து. நானோ, பெயரே மண்ணாங்கட்டி, நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டியவன். என் ‘ழ’ இன்னும் வாலை எந்தப் பக்கம் ஆட்டுவதென்று தெரியாமல் நிற்கும். அந்தச் சாக்பீஸ் ஒரு நாளாவது என் கைக்கு வராதா என்று ஏங்குவேன்.

எங்கோ நடக்கும் சண்டையில் ஒரு ராணுவம் பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு போட்டது. வெற்றிச்செல்வன் பலகை நிறைய எழுதினான்: ‘பிஞ்சுக் குழந்தைகள் படுகொலை!’ காய்கறி வாங்க வந்த பெண்கள்கூட நின்று படித்துக் கண்ணைத் துடைத்தார்கள். செத்த பிள்ளைகளை நினைத்தால் எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண்கள் அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதுதான் மூட்டையைவிடக் கனமாக என் மேல் இறங்கியது.

அடுத்த வாரம், அந்த ராணுவத்தை எதிர்க்கும் கூட்டம் ஒன்று பேருந்தை மறித்தது. தங்கள் மதத்துப் பிரார்த்தனையைச் சொல்லத் தெரியாதவர்களை இறக்கிச் சுட்டது. செல்போனில் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, பலகையில் என்ன வருமென்று காத்திருந்தேன். மூலையில் சின்னதாக வந்தது: ‘பேருந்தில் பயணிகள் பலி.’

சங்கத் தலைவர் ஷஹாபுதீன் பாய் படித்துவிட்டு உச்சுக்கொட்டினார். “டிரைவர் தூங்கிட்டானா வெற்றி?”

எனக்குப் பாயசம் குடித்தது போல இருந்தது.

“தூங்கலை பாய். இறக்கிவுட்டுச் சுட்டானுங்க. தொரை அதுக்குப் பலின்னு எழுதுறாரு. அன்னிக்குப் படுகொலை, இன்னிக்குப் பலியா?”

“அவங்க ஊரை ராணுவம் புடுங்கிடுச்சுண்ணே, திருப்பி அடிக்கிறாங்க. ரெண்டும் ஒண்ணா?” என்றான் வெற்றிச்செல்வன்.

“பஸ்ல போனவனா ஊரைப் புடுங்குனான்?”

பாய் அவன் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி என்னிடம் நீட்டினார். “நாளையிலேருந்து நீ எழுது மண்ணாங்கட்டி.”

மறுநாள் வந்த செய்தி: அதே ராணுவம் ஒரு ஆஸ்பத்திரி மேல் குண்டு போட்டுவிட்டது. பலகை முன்னால் எல்லோரும் கூடிவிட்டார்கள். வெற்றிச்செல்வன் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றான். ‘படு’ என்று தொடங்கக் கையைத் தூக்கினேன். அது அவன் சொல். அதை எழுதினால் அவனுக்கு நானே மாலை போட்டது போல ஆகிவிடும். கை வேறு பக்கம் போயிற்று: ‘ஆஸ்பத்திரி இடிந்து நோயாளிகள் பலி.’

“ஏண்ணே, மேஸ்திரி சிமெண்ட்டைக் கம்மியாப் போட்டுட்டானா?” என்றான் அவன். கூட்டம் சிரித்தது.

பாய் சிரிக்கவில்லை. “உங்க ரெண்டு பேரு சண்டைக்குச் செத்தவன்தான் கெடைச்சானாடா?” என்றபடி துண்டால் துடைத்தார். சாக்பீஸைப் பிடுங்கிக் கோணல்மாணலாக எழுதினார்: ‘ஆஸ்பத்திரியில குண்டு போட்டு நோயாளிங்களக் கொன்னுட்டாங்க.’ அதன் கீழேயே, ‘பஸ்ஸ மறிச்சு ஜனங்களக் கொன்னுட்டாங்க.’

லாரி வந்து ஹாரன் அடித்தும் ஒருவரும் நகரவில்லை. என் எழுத்தைவிட மோசமான எழுத்து. ‘கொன்னுட்டாங்க’, தினமும் என் வாயில் புரளும் சொல்தான் அது. எனக்கு எழுதத் தோன்றவில்லையே!

பாய் சாக்பீஸைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெற்றிச்செல்வன் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றான். நானும்தான்.