கசியும் டப்பா சொன்ன நல்ல சேதி

யாசரால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. வாசலுக்குப் போய் டெம்போ வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தான். உள்ளே வந்து போனை எடுத்தான், வைத்தான், மறுபடி வாசலுக்குப் போனான். தாராவியில் அறுபதடி ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்தது அவன் பட்டறை. குக்கருக்கு கேஸ்கெட், டிபன் டப்பாவுக்கு மூடி, இவைதான் அங்கே எப்போதும் செய்வது. ஆனால் அன்று மேஜையில் நின்றது புதுச் சரக்கு. முழங்கை நீளத்தில் அலுமினிய உருளைகள், தலையில் கனமான மூடி, மூடிக்கு நடுவில் ஒரு சின்னக் குழாய். சாயங்காலத்துக்குள் அவை ஐரோலியில் ஒரு கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும்.

மூலையில் தண்ணீர் டிரம் பக்கத்தில் சொரிமுத்து குந்தியிருந்தார். ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் பம்பால் காற்றை ஏற்றித் தண்ணீரில் முக்குவது அவர் வேலை.

"பாய், முட்டை விடுது," என்றார்.

மூடியின் ஓரத்திலிருந்து குமிழ்கள் வரிசையாக மேலே வந்துகொண்டிருந்தன. யாசருக்குக் காரணம் தெரியும். புது ரப்பர்தான் போட வேண்டும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. காட்கோபர் ரப்பர் வியாபாரி இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தான். பொறுமையில்லாத யாசர், குக்கருக்கு வாங்கிப் போட்டிருந்த பழைய ரப்பர் ஷீட்டிலேயே வளையங்களை வெட்டி மாட்டிவிட்டான். பழைய டயரை அரைத்துச் செய்த ஷீட் அது.

"கிரீஸ் தடவுங்க அண்ணாச்சி."

"தடவுனா இப்ப நிக்கும். பொறவு?"

"குக்கர் எப்ப வெடிக்கும்? ஆவி போவ வழியில்லாம அடைச்சிக்கிட்டாத்தான் வெடிக்கும். கசியுற குக்கர் யாரைக் கொன்னுருக்கு? இதுவும் கேஸ் அடைக்கிற டப்பாதான். கொஞ்சம் போனா நல்லதுதான்."

"அப்ப நல்லதுக்குத்தான் தடவுதோம். கிரீஸ் போட்டா டெம்போகூட வழுக்கிக்கிட்டு ஐரோலி போயிரும்," என்று சிரித்துக்கொண்டே சொரிமுத்து கிரீஸை விரலில் எடுத்தார். குமிழ்கள் நின்றன.

ஏமாற்றுகிறோம் என்று யாசர் நினைக்கவே இல்லை. சின்ன வயதிலிருந்து அவன் குக்கர்களோடு வளர்ந்தவன். இறுக மூடிய பாத்திரத்தைக் கண்டுதான் அவனுக்குப் பயம். கசிகிற பாத்திரம் அவனைப் பொறுத்தவரை சாதுவான பாத்திரம்.

அந்த ஆர்டர் வந்தது சுனிதாவால். சுனாபட்டியில் இருப்பவள், யாசரின் மனைவி சஃபீனாவோடு பள்ளியில் படித்தவள். ஐரோலியில் நிலக்கரியைச் சோதிக்கும் ஒரு லேபில் வேலை. டப்பா எதற்கு என்று அவள் அன்றைக்கே விவரமாகச் சொல்லியிருந்தாள். பூமிக்கு அடியில் நிலக்கரிக்குள்ளேயே மீத்தேன் வாயு ஒளிந்திருக்கும். ஆட்களை இறக்குவதற்கு முன்னால் மேலிருந்து துளை போட்டு, கொஞ்சம் கரியை வெளியே எடுத்து, அந்த இடத்திலேயே டப்பாவில் போட்டு மூடிவிடுவார்கள். பிறகு லேபில், சுரங்கத்துக்குள் இருக்கும் அதே வெதுவெதுப்பில் நாள்கணக்கில் வைத்து, கரி எவ்வளவு வாயுவை விடுகிறது என்று குழாய் வழியாக அளப்பார்கள். வாயு ஜாஸ்தி என்றால் சுரங்க வேலை தொடங்காது. முதலில் நிறையத் துளைகள் போட்டு, மாதக்கணக்கில் அந்த வாயுவை உறிஞ்சி வெளியேற்றுவார்கள். அதற்குப் பிறகுதான் மனிதன் உள்ளே போகலாம். இல்லையென்றால் ஒரு தீப்பொறி போதும்.

யாசர் தலையாட்டிக் கேட்டான். ஆனால் அவன் காதில் நின்றது, 'கேஸ் டப்பா, அவசரம்' என்ற இரண்டும்தான்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு சுனிதா கேக் பொட்டலத்துடன் வந்து நின்றாள். முகமெல்லாம் சந்தோஷம். சஃபீனா அடுப்படியில் கறி வேக வைத்திருந்தாள். அடுப்படி என்றாலும் அதே அறையின் ஒரு மூலைதான்.

ரிப்போர்ட் போய்விட்டது என்றாள் சுனிதா. ஜார்கண்ட் பக்கம் புதிதாகத் திறக்கப்போகும் சுரங்கம். அந்தக் கரியில் வாயு ரொம்பக் குறைவு என்று வந்திருக்கிறதாம். வாயுவை வெளியேற்ற ஒரு வருஷம் ஆகும் என்று பயந்துகொண்டிருந்தவர்கள், அந்த வேலையையே விட்டுவிட்டார்களாம். அடுத்த மாதமே ஆட்களை இறக்குகிறார்களாம்.

"எல்லாம் உங்க டப்பா ராசிண்ணா. எங்க லேப் மேனேஜர் நகுல் சார் இன்னும் நெறைய வேணும்ங்கறாரு," என்றாள்.

யாசர் எழுந்து விசிறியைக் கூட்டினான். சந்தோஷம் வந்தாலும் அவனால் உட்கார முடியாது.

அடுப்படி மூலையிலிருந்து சஃபீனா முணுமுணுத்தாள். அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது, ஒரு விசிலைக் காணோம்.

"தண்ணி ஊத்துனியாட்டி? உள்ள ஆவியே இல்ல போல," என்று சுனிதா கிண்டல் செய்தாள்.

"ஆவி இல்லாமலா என் கையைச் சுட்டுச்சு? எல்லாம் பக்கத்தால போவுது. கேஸ்கெட்காரர் வீட்டு குக்கர்ல, வேற எப்பிடி இருக்கும்? விசில் வரலன்னா உள்ள ஆவி இல்லன்னு அர்த்தமாட்டி?"

சுனிதா சிரித்தாள். விசிறி ஸ்விட்சில் இருந்த யாசரின் கை அப்படியே நின்றுவிட்டது.

மெல்லக் கேட்டான். "டப்பால கேஸ் கம்மியா இருந்தா, கரியில கம்மின்னு எழுதிருவாங்களா?"

"ஆமாண்ணா. அதை வச்சுத்தானே கணக்கு."

"நடுவுல கொஞ்சம் வெளிய போயிருந்தா?"

"உங்க டப்பால எப்பிடிண்ணா போவும்? வர்ற டப்பாவை எல்லாம் லேப்லயும் தண்ணில முக்கிப் பாக்கணும், அது ரூல். நம்ம யாசர் அண்ணன் மால்தானேன்னு நான் பாக்காமலே பாஸ் போட்டுட்டேன்."

அன்றைக்குக் கறி வேக வெகுநேரம் ஆயிற்று. யாசர் சாப்பிட உட்கார்ந்து, பிசைந்து, எழுந்துவிட்டான். என்ன மச்சான், உடம்புக்கு முடியலியா என்று சஃபீனா கேட்டதற்கு, சுனிதாவை பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று சொல்லிச் செருப்பை மாட்டினான்.

சயான் பஸ் ஸ்டாப்புக்கு இருவரும் நடந்தே போனார்கள். சுனாபட்டி போகிற பஸ் வந்து நின்றபோதுதான் சொன்னான். பழைய ரப்பர், குமிழ், கிரீஸ், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். பஸ் போய்விட்டது.

முதலில் சுனிதாவுக்குக் கோபம் வந்தது. "அந்த வெதுவெதுப்புல கிரீஸ் உருகி ஓடியிருக்கும். வெறும் கரியை அளந்துக்கிட்டு இருந்துருக்கோம்," என்றாள். அடுத்ததாகப் பயம் வந்தது. முக்கிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவள் அவள். முதலில் போவது அவள் வேலைதான். அப்பா படுத்த படுக்கை, தம்பிக்குக் காலேஜ்.

"வேற யாருக்குண்ணா தெரியும்?"

"சொரிமுத்து அண்ணாச்சிக்கு மட்டுந்தான்."

"அவரு வெளிய சொல்ல மாட்டாருல்ல?"

யாசருக்கு ஒரு நொடி மூச்சு லேசானது. சொல்ல மாட்டார்தான். எல்லோரும் சும்மா இருந்தால் எல்லாம் சரியாகப் போய்விடும் போலத்தான் இருந்தது. ஸ்டாப்பின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தான். எதிரே ரோட்டில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருவன் இடுப்பளவு குழிக்குள் நின்று, மேலே நிற்பவனிடம் எதையோ கேட்டான். மேலே நின்றவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, இறங்கு என்று கை காட்டினான். அவன் இறங்கினான்.

யாசர் திரும்பி வந்தான். "நம்ம டப்பாவை நம்பித்தானே சுனிதா அவங்க இறங்குவாங்க? நீ உன் சாரு நம்பரைப் போட்டுக் குடு. நான் பேசுதேன்."

அடுத்த பஸ்ஸும் வந்தது. அதிலும் அவள் ஏறவில்லை. போனை எடுத்தாள். யாசர் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"வேண்டாண்ணா. பாஸ் போட்டது நான். என் வாயால வரட்டும்," என்று சொல்லி நகுலின் நம்பரை அழுத்தினாள். நடந்ததை நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

மறுநாள் காலையில் இருவரும் ஐரோலியில் நகுலின் முன்னால் நின்றார்கள். நகுல் மாட்டுங்காக்காரர், நிதானமான ஆள். அவரால் நம்ப முடியவில்லை. போன ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்குவதென்றால் கம்பெனி பெயர் என்னாவது என்று கேட்டார். யாசர் ஒரு பக்கெட் தண்ணீர் கேட்டான். அலமாரியில், சோதனை முடிந்து வைத்திருந்த தன் டப்பாக்களில் ஒன்றை எடுத்து, காற்றேற்றி முக்கினான்.

குமிழ்கள் வந்துகொண்டே இருந்தன. இன்னொன்றை முக்கினான். அதிலும் வந்தன.

நகுல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆர்டர் போயிடும்னு தெரிஞ்சுண்டுதான் வந்தேளா?"

"தெரியும் சார். குக்கர் கசிஞ்சா சோறு வேவாது, அம்புட்டுத்தான். அளக்குற டப்பா கசிஞ்சா, ஆபத்தே இல்லன்னு நல்ல சேதி சொல்லும். அதைக் கேட்டு ஆள் உள்ள போயிருவான். இது எனக்கு நேத்துதான் வெளங்கிச்சு."

நகுல் அங்கேயே உட்கார்ந்து சுரங்கக்காரர்களைக் கூப்பிட்டார். ரிப்போர்ட் திரும்பி வந்தது. புதிதாகத் துளை போட்டு, வேறு டப்பாக்களில் கரியை எடுத்தார்கள். இந்த முறை வந்த அளவைப் பார்த்த பிறகு, ஆட்களை இறக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. வாயுவை உறிஞ்சி எடுக்கத் துளைகள் போடத் தொடங்கிவிட்டார்கள், முடிய மாதங்கள் ஆகும் என்று சுனிதா போனில் சொன்னாள். அவளுக்கு வேலை போகவில்லை. மெமோ வந்தது, வருகிற பிரமோஷன் தள்ளிப்போனது. யாசருக்கு அந்தக் கம்பெனி வாசல் அத்தோடு மூடிவிட்டது.

பட்டறையில் மறுபடியும் டிபன் டப்பாவும் குக்கர் வளையமும். ஒரு நாள் சொரிமுத்து டிரம்முக்குள்ளிருந்து ஒரு டிபன் டப்பாவைத் தூக்கிப் பிடித்தார்.

"பாய், முட்டை விடுது. கிரீஸ் வேண்டாம்னு தெரியும். ஆனா இது வெறும் டிபன் டப்பா. நம்ம பாத்திரக் கடைக்காரருக்குத்தான் போவுது, பாக்க மாட்டாரு. ரசம் ஒழுவுனா யாரு சாவப் போறா?"

வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்த யாசர் நின்றான். டப்பாவை வாங்கி, வளையத்தைக் கழற்றிக் குப்பையில் போட்டான்.

"இப்பிடித்தான் அண்ணாச்சி அன்னைக்கும் நெனைச்சோம். நான் குக்கர்தானேன்னு விட்டேன், சுனிதா நம்ம ஆளுதானேன்னு விட்டா. பாக்க வேண்டியதைப் பாக்காம நாம விட்டா, உசுரைக் குடுக்குறது நமக்கு மொகமே தெரியாத எவனோ ஒருத்தன். புது ரப்பர் எடுங்க."