காதுக்குக் கரண்ட்

ஓட்டுநருக்கு இப்போது நன்றாகத் தூக்கம் வருகிறது. உண்மையான தொல்லையே அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

ஆண்டு உடல் பரிசோதனையில், "தூக்கம் எப்படி?" என்று கேட்டதற்கு, "வர்றதில்ல சார்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அந்தப் பணிமனையில் இருபது வருடமாக யாரும் செய்யாத காரியம் அது. அன்றே பேருந்தைப் பிடுங்கிக்கொண்டு டயர் கிடங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். தேய்ந்த டயர்களுக்குச் சாக்கட்டியால் எண் போட வேண்டும். மறுநாள் எண் அழிந்திருக்கும். மறுபடி போட வேண்டும். டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வந்தால்தான் மறுபடி பேருந்து.

தூக்கத்துக்கென்றே தனி ஆஸ்பத்திரி நடத்துகிற டாக்டர், தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றிலிருந்து ஒரு கிளிப்பை இழுத்து ஓட்டுநரின் காதுமடலில் மாட்டச் சொன்னார். நர்ஸ் மாட்டினாள். எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. தினம் அரை மணி நேரம், நாலு வாரம். தூக்கம் வந்தது. சான்றிதழில் 'தூங்குகிறார்' என்று எழுதியிருந்தால் போதும். டாக்டரோ, 'செவிவழி மின் நரம்புத் தூண்டலுக்கு உட்படுத்தப்பட்டார்' என்று எழுதினார்.

கிளை மேலாளர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"தலைக்குக் கரண்ட் வெச்சாங்களா?"

"தலைக்கு இல்ல சார், காதுக்கு."

"காது எங்கய்யா இருக்கு? தலையிலதான இருக்கு? புத்தி தெளிவா இருக்குன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வா. பயணிகள் பாதுகாப்பு இருக்குல்ல."

மனநல மருத்துவர் ஐந்து நிமிடம் பேசிப் பார்த்தார்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லையே."

"அதத்தான் சார் எழுதிக் குடுங்க."

"நோய் இருந்தா, குணமாயிடுச்சுன்னு எழுதலாம். இல்லாததுக்கு நான் என்னன்னு எழுதறது?"

ஓட்டுநர் தூக்க டாக்டரிடம் ஓடி, அந்த 'மின்'னை மட்டும் எடுத்துவிடக் கூடாதா என்று கெஞ்சினார். டாக்டரின் முகம் சுருங்கியது. "அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் நாலு நாட்டு மாநாட்டுல போய்ப் பேசிட்டு வந்திருக்கேன்."

"பேசாம நீங்க முழிச்சிட்டே இருந்திருக்கலாம்," என்றாள் மனைவி. "வண்டியாவது ஓடிட்டிருந்துச்சு." சொல்லிவிட்டு அவளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரைத் தாண்டி நர்ஸைப் பிடித்தாள். 'காதுச் சிகிச்சை முடிந்தது. நலமாக இருக்கிறார்' என்று எழுதி முத்திரை குத்திய நர்ஸ், "காதுலதானக்கா மாட்டினேன், பொய் ஒண்ணும் இல்லையே," என்றாள்.

மேலாளர் முகம் மலர்ந்தது. "காதுதானா? முன்னாடியே சொல்றதுக்கு என்னய்யா? சரி, கேக்குதான்னு பாத்துருவோம். செவுத்தப் பாத்து நில்லு."

அறையின் மறு மூலைக்குப் போய், வாயைக் கையால் பொத்திக்கொண்டு முணுமுணுத்தார்: "இவனுக்கு அந்த பிரேக் இழுக்கற வண்டியத்தான் குடுக்கணும்."

"ஐயோ சார், அது வேணாம் சார். மிதிச்சா இடது பக்கமாப் போகுது."

"காது பிரமாதம்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார் மேலாளர். அந்த வண்டிச் சாவியையே எடுத்து நீட்டினார்.

ஓட்டுநர் ஜன்னல் வழியாக டயர் கிடங்கை ஒரு தரம் பார்த்தார். சாவியை வாங்கிக்கொண்டார்.