பிரிக்காமல் விட்ட தையல்

அதிகாலை ஐந்தரைக்குள் போவன்பள்ளிச் சந்தையில் லாரிகள் காலியாகிவிடும். பேருந்திலிருந்து இறங்கும் லோயிஸ், சிதறிக் கிடக்கும் முட்டைக்கோஸ் இலைகளில் வழுக்காமல் ஓரமாகவே நடந்து, சந்தைக்குப் பின்தெருவிலிருக்கும் தரைத்தள வீட்டைத் தன்னிடமுள்ள சாவியால் திறப்பாள். விளக்கைப் போடுமுன் குரல் கொடுப்பாள். சுபாஸ்ரீ அநேகமாக விழித்துத்தான் கிடப்பாள்.

பிறகு வேலை. கட்டிலில் தொங்கும் சிறுநீர்ப் பையை அளந்து கொட்ட வேண்டும். வெந்நீர் வைக்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கையுறை மாட்டிய விரலால் மலம் இறக்க வேண்டும். அது வருகிறபோதுதான் வரும். துடைத்து, குளிப்பாட்டி, விறைத்த கால்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்ட வேண்டும். குளிர்நாட்களில் அந்தக் கால்கள் தாமாகவே துள்ளி உதைக்கும். மார்போடு அணைத்துப் பிடித்து, அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். கடைசியில் கண்ணாடியைப் பிடித்து முதுகையும் இடுப்பையும் காட்டுவாள். சுபாஸ்ரீ தன் உடம்பைத் தானே பார்த்து, சரி என்பாள். அதன்பின் ஐம்பத்திரண்டு கிலோவை மார்போடு சேர்த்துத் தூக்கிச் சக்கர நாற்காலியில் இருத்தும்போது லோயிஸின் முழங்கால்கள் நொறுங்குவதுபோல ஒலிக்கும். ஒன்றரை மணி நேரம். லோயிஸுக்கு நாற்பத்தாறு வயது.

சுபாஸ்ரீக்கு முப்பத்துமூன்று. கோயம்புத்தூர்க்காரி. வேலைக்கென்று ஹைதராபாத் வந்த மறுவருடம் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்தது. மார்புக்குக் கீழே உணர்வில்லை, விரல்கள் மடங்காது. உள்ளங்கையில் பட்டையால் கட்டிய குச்சியைக்கொண்டு விசைப்பலகையைத் தட்டி, பேகம்பேட்டில் ஒரு கம்பெனிக்கு மென்பொருள் பரிசோதிக்கிறாள். தனியாக இருக்கிறாள் என்று கேட்டவர்கள் ஐயோ என்பார்கள். அப்படித் தனியாக இருப்பதற்காகத்தான் அவள் அண்ணனோடு இரண்டு வருடம் சண்டை போட்டாள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம் ஜூலை முதல் தேதி, லோயிஸை அனுப்பிவந்த ஏஜென்சி புதிய விதியைக் கொண்டுவந்தது. ஒரு வீட்டுக்கு நாற்பது நிமிடம். காலையில் இரண்டு வீட்டுக்குப் பதில் நான்கு வீடு, சம்பளம் பழையதே. வீட்டுக்கொரு ஸ்லிப், அதில் செய்த வேலைகளுக்கு நேராக டிக் போட்டு, கீழே வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். காலியிடம் விட்டால் அன்றைய நாள் ஆப்சென்ட்.

முதல் வாரம் வேலைக்கிடையே பேசிக்கொள்வது போனது. இரண்டாம் வாரம் கால்பயிற்சி. மூன்றாம் வாரம் கண்ணாடி ஆணியிலேயே தொங்கியது. தெருவில் கம்பெனியின் குவாலிஸ் வண்டி ஹாரன் அடிக்கும்போது, "இன்னிக்கு விடுங்க்கா, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று சொன்னது சுபாஸ்ரீயேதான். லோயிஸ் எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டாள். சுபாஸ்ரீ விரலிடுக்கில் பேனாவைச் செருகி, நடுங்கும் எழுத்தில் ஒப்பமிட்டாள். இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பொய் சொன்னார்கள்.

அந்த வாரம் கம்பெனிக்கு அமெரிக்காவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சுபாஸ்ரீ அதற்கென்று ஒரு ஜீன்ஸ் வாங்கியிருந்தாள். புதிய பேன்ட் எதுவானாலும் பின்பாக்கெட் இரண்டையும் பிளேடால் பிரித்தெடுத்த பிறகே போடுவது அவர்கள் வழக்கம். உணர்வுள்ள உடம்பு உறுத்தலைத் தாங்காமல் அசைந்துகொள்ளும். உணர்வில்லாதது அப்படியே அமர்ந்திருக்கும். அடியில் ஒரு தடித்த தையல் போதும்.

லோயிஸ் பிளேடைத் தேடினாள். முப்பத்தாறு நிமிடம் ஆகியிருந்தது.

"ஒரு நாளைக்கு என்னங்க்கா ஆயிரும்? மாட்டி விடுங்க" என்றாள் சுபாஸ்ரீ.

ஒன்பது மணி நேரம் அவள் அந்தத் தையலின் மேல் உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாள் குளிப்பாட்டும்போது லோயிஸின் கை அங்கே நின்றது. இடுப்புக்குக் கீழே பாக்கெட்டின் மூலை அச்சாகப் பதிந்திருந்தது. சிவப்பு. மூன்றாம் நாள் அது கறுத்தது. ஆறு வாரம் குப்புறவும் ஒருக்களித்தும்தான் படுக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை திருப்ப வேண்டும் என்றார் டாக்டர். சுபாஸ்ரீ கம்பெனியில் விடுப்பு சொன்னாள். லோயிஸ் மற்ற வீடுகளுக்கிடையே ஓடி வந்து வந்து திருப்பினாள்.

வியாழக்கிழமை ஏஜென்சியின் முதலாளி ராமசுவாமியே வந்தார். பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடம் பர்சனல் ஆபீசராக இருந்து ஓய்வுபெற்றவர். குரலை உயர்த்தாமல் பேசுவார். புகார்க் கடிதத்தைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார்: லோயிஸின் அலட்சியத்தால் புண் வந்தது.

"நான் உங்க பக்கம்தாம்மா. ஒரு சைன் போடுங்க, நாளைக்கே வேற ஆள் அனுப்பறேன்."

"நாப்பது நிமிசத்துல இந்த வேலை முடியாதுங்க சார்" என்றாள் சுபாஸ்ரீ.

"முடியலைன்னு ஒரு நாளாவது எழுதியிருக்காங்களா?" அவர் பையிலிருந்து ஸ்லிப் கட்டை எடுத்தார். "முதுகு பார்த்தாச்சு, டிக். கால் எக்சர்சைஸ், டிக். கீழ உங்க கையெழுத்து. செய்யாம டிக் போட்டிருந்தா மோசடி. செஞ்சும் புண் வந்திருந்தா அலட்சியம். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

லோயிஸ் சுவரைப் பார்த்து நின்றாள்.

"காலைல எந்திரிச்சு நீங்க ஆபீசுக்குக் கிளம்ப எவ்வளவு நேரமாகுமுங்க சார்?" என்றாள் சுபாஸ்ரீ, தலையணையில் ஒரு கன்னம் புதைந்திருக்க.

"அது வேற விஷயம்."

"ஒரு மணி நேரம்னு வெச்சுக்கலாங்களா? உங்களுக்குக் கையும் காலும் நல்லா இருக்குது."

"மெஷின் பக்கத்துல வாட்ச் வெச்சுக்கிட்டு நேரம் எடுத்தவன் நான். எந்த வேலைக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்."

"மெஷினுக்குப் புண்ணு வராதுங்களே."

அவர் சிரித்தார். திங்கள் காலை பத்து மணிவரை பார்ப்பதாகவும், கையெழுத்து வராவிட்டால் ஏஜென்சி விலகிக்கொள்ளும் என்றும் சொன்னார். மேட்சலில் தங்களுடைய பராமரிப்பு விடுதி இருக்கிறது, முப்பது படுக்கை, எல்லா வசதியும் உண்டு. அண்ணனிடம் பேசியாகிவிட்டது, அவருக்குச் சம்மதம். லோயிஸ் நாளைமுதல் இங்கே வரக்கூடாது.

அவர் போனதும் லோயிஸ் கட்டிலருகே வந்தாள்.

"போட்டுடு சுபா" என்றாள் லோயிஸ். "எனக்கு எங்கேயாவது சமையல் வேலை கிடைக்கும். மேட்சல் போனா நீ திரும்ப மாட்டே."

"பிரிக்க வேண்டாம்னு சொன்னது நானுங்க்கா."

"நீ சொல்லுவே. நான் ஏன் கேட்டேன்? அடுத்த வீட்டுக்கு ஓடணும்னு கேட்டேன்."

அன்று முழுவதும் கையெழுத்துப் போடுவதைப் பற்றித்தான் சுபாஸ்ரீ நினைத்தாள். விடுதி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். விபத்துக்குப் பின் ஏழு மாதம் அப்படி ஓரிடத்தில் இருந்திருக்கிறாள். எப்போது விழிப்பது, எப்போது தண்ணீர் குடிப்பது, எந்தப் பக்கம் பார்த்துப் படுப்பது, எல்லாம் மணியடித்துத் தீர்மானமாகும். ஒரு கையெழுத்தில் இந்த வீடு மிஞ்சும். லோயிஸ் போவாள். அவ்வளவுதானே என்று ஒரு குரல் சொன்னது. அது தன் குரலாகவே இருந்தது அவளுக்குக் கசந்தது.

வெள்ளியன்று லோயிஸுக்குப் பதிலாக யாதம்மா வந்தாள். கட்டிட வேலையில் காய்த்த கைகள். வேகமாகவும் கனிவாகவும் செய்தாள். ஆனாலும் ஓட வேண்டியிருந்தது. முப்பத்தெட்டாவது நிமிடத்தில் இடுப்பிலிருந்து ஸ்லிப்பை எடுத்து நீட்டினாள். எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்திருந்தது. செய்யாத கால்பயிற்சிக்கும் டிக்.

இதை எப்போது போட்டாய் என்று சுபாஸ்ரீ தெலுங்கில் கேட்டாள்.

யாதம்மா கூச்சத்தோடு சிரித்தாள். பஸ் ஸ்டாப்பில் என்றாள். எல்லோரும் அங்கேதான் போடுவார்கள், நான்கு வீட்டு ஸ்லிப்பையும் முழங்காலில் வைத்து. வீட்டுக்குள் வந்து எழுத நேரம் ஏது?

சுபாஸ்ரீ அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் எத்தனை பஸ் ஸ்டாப்புகளில், எத்தனை முழங்கால்களின் மேல், எத்தனை முதுகுகள் பார்க்கப்படாமலேயே பார்க்கப்பட்டுவிட்டன! அவள் கையெழுத்துப் போடவில்லை. யாதம்மாவிடம் போனை எடுத்து, லோயிஸுக்கும் ஏஜென்சியின் மற்ற வீடுகளுக்கும் எண்களை அழுத்தித் தரச் சொன்னாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து லோயிஸ் வந்தாள். யாதம்மா ஏஜென்சியில் தன்னோடு வேலை செய்யும் இரண்டு பெண்களை அழைத்து வந்தாள். மாரேட்பள்ளியிலிருந்து, அதே ஏஜென்சியின் இன்னொரு வாடிக்கையாளரான எட்மண்ட் ஆட்டோவில் வந்தார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். சிறுவயதில் போலியோ தாக்கிய கால்கள். அவருடைய உதவியாள் வெஸ்லி அவரைத் தூக்கிவந்து உட்கார வைத்தான். சுபாஸ்ரீ குப்புறக் கிடந்ததால் அவளுக்கு முகம் தெரியட்டுமென்று எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

யாதம்மா முதலில் பேசினாள். தான் செய்யாமல் டிக் போட்டவற்றை வரிசையாகச் சொன்னாள். ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். ஒரு கிழவருக்கு மூன்று நாளாகப் பல் விளக்கவில்லை என்று சொல்லும்போது ஒருத்தி அழுதாள். வெஸ்லி எட்மண்டைப் பார்க்காமல், ஐந்து நாளாக அவர் முதுகைத் திருப்பியே பார்க்கவில்லை என்றான்.

"தெரியும்டா" என்றார் எட்மண்ட். "நானும்தானே சைன் போட்டேன்."

முடிவு எளிதாகத்தான் இருந்தது. நாளைமுதல் செய்யாத வேலைக்கு யாரும் டிக் போடுவதில்லை. வீடுகளில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. முதல் தேதியிலிருந்து எழுதிய எல்லா ஸ்லிப்பும் பொய் என்று இருதரப்பும் சேர்ந்து ஒரே கடிதம் கொடுப்பது. இந்த வீட்டுக்கு லோயிஸ்தான் வருவாள். அவள் இடத்துக்கு வேறு யாரும் வருவதில்லை.

"அங்கிள், எல்லாருக்கும் வேலை போயிடும்" என்றான் வெஸ்லி. அவன் குரலில் பயம் இருந்தது.

"ஆமா, போனாலும் போகும்" என்றார் எட்மண்ட். "அப்ப என்னை யார் கட்டில்லேர்ந்து இறக்குவான்? ராமசுவாமியா? அந்தாளுக்கே முதுகுவலிடா."

யாரோ சிரித்தார்கள். சுபாஸ்ரீ சொல்லச்சொல்ல லோயிஸ் கடிதத்தை எழுதினாள். 'எங்கள் மீதும் தவறு உண்டு' என்ற வரி வந்தபோது பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தாள்.

"எழுதுங்க்கா" என்றாள் சுபாஸ்ரீ. "ஜீன்சையும் சேர்த்து எழுதுங்க."

பதினொரு பேர் கையெழுத்திட வேண்டிய கடிதத்தில் அன்று ஏழு பெயர்கள் விழுந்தன. மீதி நால்வர் யோசிக்க வேண்டுமென்று போனில் சொல்லியிருந்தார்கள்.

திங்களன்று பத்து மணிக்கு ராமசுவாமி ஆம்புலன்சோடு வந்தார். கதவு திறந்தே இருந்தது. சுபாஸ்ரீயின் தலைமாட்டில் லோயிஸும், கால்மாட்டில் யாதம்மாவும் நின்றிருந்தார்கள். மூலையில் எட்மண்ட் தன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையில் வேலை வீடுகளுக்குப் போகவேண்டிய அந்த இரண்டு பெண்களும் போகாமல் சுவரோரம் நின்றார்கள்.

கடிதத்தை அவர் நின்றபடியே இருமுறை படித்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டிருக்கிற யாருக்கும் இனி வேலையில்லை. புரியுதா?"

அவர் கட்டில் பக்கம் திரும்பினார்.

"உங்கண்ணன் சம்மதிச்சாச்சும்மா."

"இது என் வீடுங்க சார். வாடகை என் பேர்ல இருக்குது. நான் சம்மதிக்கலீங்க."

"நாளைக்கு உங்களை யார் பார்த்துப்பா? நாளான்னிக்கு?"

வெளியே ஆம்புலன்ஸ்காரன் பொறுமையிழந்து ஹாரனை அழுத்தினான். லோயிஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு முதன்முறையாக ராமசுவாமியின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"திருப்பிப் படுக்க வைக்கிற நேரம். கொஞ்சம் வெளியே நில்லுங்க சார்."

"எவ்வளவு நேரம்?"

"ஆகுற நேரம் ஆகும்."

அவர் அசையாமல் நின்றார். எட்மண்ட் சக்கரத்தை உருட்டி மெல்ல முன்னே வந்தார். இன்னும் கொஞ்சம் வந்தார். ராமசுவாமி பின்வாங்கி வாசற்படியில் கால் வைத்ததும் யாதம்மா கதவைச் சாத்தினாள். உள்ளே லோயிஸ் தோளின் அடியில் கை கொடுத்தாள், யாதம்மா இடுப்பில். சுவரோரம் நின்ற இரு பெண்களும், யாரும் சொல்லாமலே, வந்து காலைப் பிடித்தார்கள்.