கிரகணத்துக் காது

ஞாயிற்றுக்கிழமை என் சின்னவளுக்கு ஞானஸ்நானம். ஞானத்தாய் தங்கத் தோடு வாங்கி வைத்துவிட்டாள். காதுதான் இன்னும் மூளியாக இருந்தது. எங்கள் ஊரில் பெண் குழந்தையை மூளிக் காதோடு கோயிலுக்குத் தூக்கிப் போனால், பாதிரியாரே "பையன் பேர் என்ன?" என்று கேட்பார். அதனால் சனிக்கிழமை காலையிலேயே எர்மலிண்டா பெரியம்மாவை வரச் சொன்னேன்.

எங்கள் தெருவில் பெண்ணாய்ப் பிறந்த எல்லோருக்கும் காது குத்தியவள் அவள்தான். என் காதுத் துளைகள் அளந்து வைத்த மாதிரி இருக்கும். என் மூத்தவள் நொவேலியாவுக்கு மட்டும் ஒன்று மேலே ஏறியும் இன்னொன்று ஓரத்தில் வழிந்தும் இருக்கும். பழி பெரியம்மா மேல் விழவில்லை. நொவேலியா வயிற்றில் இருந்தபோது கிரகணம் வந்தது, வயிற்றுப் பிள்ளைக்குக் காப்பாக எங்கள் ஊர்ப் பெண்கள் போடும் சிவப்பு உள்ளாடையை நான் போட மறந்துவிட்டேன். அதனால் பிள்ளையின் காதே கோணலாகப் பிறந்தது, துளை எப்படி நேராக விழும் என்று என் மாமியார் கிரெசென்சியா ஆறு வருஷமாகச் சொல்லிக்காட்டினாள். நானும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன். யாருக்கும் அடங்காத நான்!

பெரியம்மா கொக்கோ போட்ட சோளமாவுப் பானத்தைக் குடித்துவிட்டு, ஊசியை நெருப்பில் காட்டினாள். சிவப்பு நூலை நான் கோத்துக் கொடுத்தேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பேனாவால பொட்டு வைடி, யாஹோஸ்கா."

"வெச்சாச்சு பெரியம்மா."

"எங்க?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். மிளகு அளவுக்குக் கறுப்பாக இருந்தது பொட்டு. அவள் காதைக் கட்டைவிரலால் தடவினாள். ஊசி நுனி பொட்டைத் தாண்டி, கன்னத்துக்குப் போய் நின்றது.

குழந்தையை வெடுக்கென்று பிடுங்கினேன்.

"ஐயோ மாதாவே! கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"யாருக்குடி தெரியல? அந்தப் பாலத்து மேல யார் போறான்னு இங்க இருந்தே சொல்லட்டா? கிட்ட இருக்கறதுதான் கொஞ்சம் கலங்குது. வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே. விரல் பாத்துக்கும்."

"எத்தன வருஷமா இப்படி?"

"யாரு கண்டா? ஏழெட்டு இருக்கும்."

"ஒரு கண்ணாடி வாங்கித் தொலைச்சா என்ன?"

"கண்ணாடியா! நான் என்ன டீச்சரா? அது எழுத்துப் படிக்கறவங்களுக்கு. எனக்கு என் பேரையே எழுதத் தெரியாது. அதுக்குப்போய் எஸ்தெலி டவுன் வரைக்கும் பஸ்ல குலுங்கிக்கிட்டுப் போகணுமா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. உள்ளே போய் மாமியாரின் கண்ணாடியை எடுத்து வந்தேன். வேதம் படிப்பதற்காக என் புருஷன் கோஸ்டாரிக்காவிலிருந்து அனுப்பியது. "உடைச்சிராதடி, உடைச்சிராத!" என்று கத்திக்கொண்டே மாமியார் பின்னால் வந்தாள். பெரியம்மாவின் மூக்கில் அதை மாட்டினேன்.

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "அடியாத்தி, இத்தன ரேகையா?" என்று சிரித்தாள். ஊசியைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள். வேடிக்கை பார்க்க வந்த நொவேலியாவைக் கிட்டே இழுத்து, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். சிரிப்பு நின்றது.

"எந்தக் கசாப்புக்காரிடி இது? பிஞ்சுக் காதை இப்படிக் குதறி வெச்சிருக்கா! பேரைச் சொல்லு, அவ கையை முறிக்கறேன்!"

மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆறு வருஷமாக என் வயிற்றை நானே சபித்துக்கொண்டிருந்தேனே! ஒரு நாளாவது அந்த ஊசி மேல் எனக்குச் சந்தேகம் வந்ததா?

"நீங்கதானே குத்துனீங்க," என்றாள் நொவேலியா.

பெரியம்மா மறு காதையும் பார்த்தாள். அதை விரலால் தொடப் போனவள், தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். ஊசியைத் துணியில் சுற்றி என் பக்கம் தள்ளினாள்.

"சின்னவ நாளைக்கு மூளியாவே போகட்டும்டி," என்றாள். பிறகு, கண்ணாடியைக் கழற்றாமலே, வாசல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். "இன்னும் எத்தன பேருக்கு இப்படி?"

எங்கள் தெருவில் வேறு யாரும் காது குத்துவதில்லை.