சிப்பாய்க்குப் பின்னால் இரண்டு வண்டி

எங்கள் வீட்டுக் காளைகளின் மேல் தார்க்குச்சி பட்டதில்லை. வடகரப்பதியில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். முனையில் ஆணி வைத்த குச்சியால் மாட்டைக் குத்தி வாங்கும் ரேக்ளா வண்டிப் பந்தயப் பரிசு நமக்கு வேண்டாம் என்பது என் தகப்பனார் வைத்த சட்டம்.

குத்தாமல் மாடு எப்படி ஓடும்? எங்களிடம் சிப்பாய் இருந்தான். மயிலையும் செவலையும் கன்றாக இருந்தபோதே வாய்க்கால் கரையில் அவிழ்த்துவிடுவோம். அந்த நாய் முன்னால் ஓடும்; அவை துரத்தும். வளர்ந்து வண்டியில் பூட்டிய பிறகும் அதேதான். சிப்பாய் முன்னால், காளைகள் பின்னால். நாய்க்கும் வயதாகும் என்பதை மட்டும் வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை.

எழுபத்து நான்காம் ஆண்டு மழையில் அவனுடைய பின்னங்கால்கள் விழுந்துவிட்டன. மாட்டாஸ்பத்திரி டாக்டர் மலையாளமும் தமிழுமாகச் சொன்னார்: “இதுக்கு மருந்தில்லா. வயித்துக்கடியில துணி கொடுத்துப் பொக்கி நடத்துங்க. படுக்கப் போட்டா முன்னங்காலும் போகும்.”

அப்படித் தூக்கி நடத்தத் தோதான நீளமும் உறுதியும் இருந்தது என் தோள்துண்டுக்குத்தான். அதை வயிற்றடியில் கொடுத்து, இரு முனைகளையும் முதுகுக்கு மேலே சேர்த்துத் தூக்கிப் பிடித்தால் சிப்பாய் முன்னங்கால்களால் நடப்பான். ஆனால் தோளில் கிடக்க வேண்டிய துண்டு நாயின் வயிற்றில் கிடப்பதை ஊர் பார்க்கலாமா? தொழுவத்துக்குப் பின்னால், சோளத்தட்டுப் போரின் மறைவில்தான் நடத்துவேன். என் மனைவி மருதாத்தாள் விளக்கெண்ணெயைச் சூடாக்கி அவன் இடுப்பில் தேய்ப்பாள். என் மூட்டுவலிக்கு அவள் அவ்வளவு பக்குவமாகத் தேய்த்ததில்லை.

தை பிறந்ததும் என் சித்தப்பா மகன் நஞ்சப்பன் வெற்றிலைத் தட்டோடு வந்தான். எதிர்வண்டிக்காரன் வெற்றிலை வைத்து அழைப்பது எங்கள் பக்கத்து முறை. எடுத்துவிட்டால் பந்தயத்தில் வண்டி இறக்கியே ஆகவேண்டும்.

“ஏனுங்ணா, இந்தத் தடவை சங்கட்டமா இருந்தா உட்டுருங்க. நொண்டி நாயை வெச்சுட்டு என்ன பண்ணுவீங்க?”

வெற்றிலையை எடுத்து அவன் எதிரிலேயே மென்றேன்.

வண்டி ஓட்டுவது என் மகன் காளிச்சாமி. கேள்விப்பட்டுத் தலையில் கை வைத்தான். “மென்னே போட்டீங்களா ஐயா? கையில வெச்சிருந்தாத் திருப்பியாச்சும் குடுத்திருக்கலாம்.”

சிப்பாயை வண்டியில் அவனருகே உட்கார வைத்துப் பழக்கிப் பார்த்தோம். சிப்பாய் குரைத்தான். குரல் பின்னாலிருந்து வருகிறதென்று காளைகள் திரும்பின. திரும்பத் திரும்ப வண்டி செக்கு மாதிரி ஒரே இடத்தில் சுற்றியது. காளிச்சாமி இறங்கி வாந்தி எடுத்தான்.

பந்தயத்தன்று சிப்பாயை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். கூட்டத்தின் இரைச்சலில் காளைகள் தாமாக ஓடிவிடும் என்று நம்பினேன். கொடி இறங்கியது. நஞ்சப்பன் வண்டி பறந்தது. எங்கள் காளைகள் நின்ற இடத்தில் நின்று அசைபோட்டன.

“மாட்டுக்கு ஒரு கட்டில் கொண்டாங்கப்பா, படுக்கப் போகுது!” என்று ஒருவன் கத்தினான்.

யாரோ காளிச்சாமியின் கையில் தார்க்குச்சியைத் திணித்தார்கள். அவன் என்னைப் பார்த்தான்.

“கீழ போடுடா!” என்றேன்.

அப்போதுதான் பின்னால் அந்தக் குரைப்பு கேட்டது. வைக்கோல் பரப்பிய தள்ளுவண்டியில் சிப்பாயை வைத்து மருதாத்தாள் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

“கொட்டுச் சத்தம் கேட்டதுல இருந்து கத்திக் கத்தி இவனுக்குத் தொண்டையே போச்சுங்க. நானென்ன பண்ணட்டும்?”

குச்சி மாட்டின் மேல் படுவதா, துண்டு தோளிலிருந்து இறங்குவதா? இரண்டில் ஒன்று. ஊர் முழுக்கப் பார்க்க என் துண்டை எடுத்துச் சிப்பாயின் வயிற்றடியில் கொடுத்தேன். தூக்கினேன். காளைகளுக்கு முன்னால் கொண்டுபோய் விட்டேன். ஓடினேன்.

நான் ஓடினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. சிப்பாய் இழுத்தான். இரண்டே காலில் அவனுக்கு அந்த வேகம் எங்கிருந்து வந்ததோ! தலைப்பாகை போயிற்று. செருப்பு ஒன்று போயிற்று. வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டேன். பின்னால் குளம்புச் சத்தம். மயிலையின் மூச்சு என் பிடரியில் சுட்டது.

“ஓடுங்கய்யா, ஓடுங்க! மிதிச்சுப்போடும்!” என்று காளிச்சாமி அலறினான்.

பாதி வழியில் நஞ்சப்பனின் வண்டி நின்றுகொண்டிருந்தது. அவனுடைய வெள்ளைக்காளை எங்கள் தொழுவத்தில் பிறந்து அவனிடம் போனது. சிப்பாயைத் துரத்தி வளர்ந்தது. குரைப்பு கேட்டதும் நின்று காது கொடுத்திருக்கிறது. குச்சியால் குத்தியும் நகரவில்லை. நாங்கள் தாண்டியதும் அதுவும் எங்கள் பின்னால் பாய்ந்தது. இரண்டு வண்டியும் ஒன்றாக எல்லைக்கோட்டைத் தாண்டின.

பந்தயக் கமிட்டிக்காரர் சரிகைத் துண்டோடு திகைத்து நின்றார். “மொதல்ல வந்தது நாயி. ரெண்டாவது பெரியவரு. மாடெல்லாம் அதுக்குப் பொறகு. நான் யாருக்குங்க இதைப் போடறது?”

“நாய்க்கே போடுங்க!” என்றது கூட்டம்.

மூச்சு வாங்கினாலும் நிமிர்ந்து நின்று சொன்னேன்: “எங்க ஊட்டுல மருவாதி மூத்தவனுக்குத்தான்.”

“நாய் வயசக் கணக்குப் போட்டா, அவந்தானுங்க மூத்தவன்” என்றாள் மருதாத்தாள்.

கணக்கில் பிழை இல்லை. சரிகைத் துண்டைச் சிப்பாய்க்குப் போட்டார்கள். அவனுக்கு அது எங்கே வேண்டுமோ அங்கே, வயிற்றடியில் கொடுத்து, கடைவீதி வழியாகவே நடத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறைவு எதற்கு? பரிசு வாங்கியவன் நடுவீதியில்தான் நடக்க வேண்டும்.

தொழுவத்தில் திரும்பிப் பார்த்தால் எங்கள் வண்டிக்குப் பின்னால் நஞ்சப்பன் வண்டி. வெள்ளைக்காளை அவனை இங்கேயே இழுத்து வந்துவிட்டது. கயிற்றைப் பிடித்தபடி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான்.

உள்ளே போய் வெற்றிலைத் தட்டைக் கொண்டு வந்து நீட்டினேன். “எடுத்துக்கோ தம்பி. அடுத்த தைக்கு.”

நஞ்சப்பன் தட்டைப் பார்த்தான். மோர் குடித்துக்கொண்டிருந்த சிப்பாயைப் பார்த்தான்.

“இவன் யாரு பக்கம் ஓடுவான்னு மொதல்ல சொல்லுங்ணா” என்றான்.