சட்டம் போட ஒரு படம்

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் பெய்கிற மழைக்கு லயத்து வீட்டில் எதை வைத்தாலும் பூசணம் பிடித்துவிடும். அதற்குப் பயந்துதான் பேச்சாயி, மகள் தனுஜாவை எடுத்த ஒரே படத்தின் நெகட்டிவைச் சுருட்டி, பால்மா டின்னில் போட்டு, அடுப்புக்கு மேலே விறகு காய்கிற பரணில் பத்திரப்படுத்தியிருந்தாள்.

கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன தனுஜா பெட்டியில் திரும்பி வந்தாள். கருமாதிக்கு மாலை போட்டுக் கும்பிட ஒரு படம் வேண்டும்.

ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருந்த லோகநாதன் நெகட்டிவை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்துப் பாரம் ஏற்றினான். பாரத்தை எடுத்த மாத்திரத்தில் அது மறுபடி சுருண்டுகொண்டது.

"அடுப்புச் சூட்டுல வெறச்சுப் போச்சும்மா. பாரத்துலயே கெடக்கட்டும், வெள்ளிக்கெழம வாங்க."

வெள்ளிக்கிழமை நெகட்டிவ் தகடுபோல நிமிர்ந்து கிடந்தது. ஸ்கேன் செய்ததும் கம்ப்யூட்டரில் பேச்சாயி தெரிந்தாள். பக்கத்தில் தனுஜாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் திட்டு. சூட்டில் ஒட்டியிருந்த சுருளைப் பிரிக்கையில் அந்த இடம் பிய்ந்திருந்தது.

"ஒங்க தோள்ல போட்ட கை மட்டும் தெளிவா இருக்கும்மா. அதப் பெருசாக்கித் தரவா?"

பேச்சாயி கம்ப்யூட்டர்ப் பக்கம் குனிந்தாள்.

"கையில எங்க தம்பி பொட்டு வைக்கிறது?"